முன்பின் தெரியாதவர் கட்டும்படி வரை!

கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலமலைப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலை இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மென்பொருளைப் பழகச் சில வாரங்கள் போதும். வரையப் பழகுவதற்கு?

இடுக்கி வளைவணைக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொன்ன எஸ்.என்.சி. நிறுவனம் இருந்தது கனடாவின் மாண்ட்ரியல் நகரில். அணை எழுந்தது பெரியாற்றின் குறுக்கே, குறவன், குறத்தி என்ற இரண்டு பாறை மலைகளுக்கு நடுவில். 1969 ஏப்ரல் 30 அன்று வேலை தொடங்கியது. 1976 பிப்ரவரி 12 அன்று பிரதமர் இந்திரா காந்தி மின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாண்ட்ரியலில் பேச்சு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். இங்கே மலையாளத்திலும் தமிழிலும். பாறையில் நின்று பலகை அடித்தவர் பனி பெய்யும் அந்த ஊரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சந்தேகம் வந்தால் உடனே போன் போட்டுக் கேட்கும் காலமும் அல்ல அது.

நடுவில் இருந்தது வரைபடத் தாள். வளைவு எங்கே தொடங்குகிறது, எந்த மட்டத்தில் எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதையெல்லாம் தாள்தான் சொன்னது. அந்த மலையிடுக்கை முதலில் காட்டிக்கொடுத்தவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர் என்கிறது அணையின் கதை. அவர் கூடவே நடந்துபோய்க் காட்டினார். வரைபடத்தால் யாரோடும் நடந்துபோக முடியாது. வரைந்தவர் பக்கத்தில் இல்லாத இடத்தில் அது தனியாக நின்று பேச வேண்டும். எஞ்சினீயரிங் டிராயிங் என்ற படிப்பின் சாரமே இவ்வளவுதான்.

அணையிலிருந்து கட்டப்பனை வழியாக வந்தால் சக்குபள்ளம். குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையில், இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் கிடக்கும் ஏலக்காட்டுப் பஞ்சாயத்து. அணக்கரையில் கடைத்தெரு. செல்லார்கோவில் விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோப்புகளும் கட்டம்கட்டமாகத் தெரியும். காலையில் கம்பம், கூடலூர் பக்கமிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும்; சாயங்காலம் இறங்கும். அந்த ஜீப்பில் போகிறவர்களின் பிள்ளைகளும், இங்கேயே லயத்தில் வளர்ந்த பிள்ளைகளும் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்ததும் கேட்கும் படிப்புகளில் ஒன்று ‘கேட்’. கம்ப்யூட்டர் துணையோடு வடிவமைக்கும் படிப்பு. கீழே இறங்கித் தனியார் மையத்தில் சேர்ந்து, மூன்று மாதம் கழித்துச் சான்றிதழோடு வருகிறார்கள். “என்ன படிச்சிருக்க?” என்றால், “ஆட்டோகேட் முடிச்சிருக்கேன்” என்கிறார்கள்.

அவர்கள் முடித்தது மென்பொருளின் கட்டளைகளை. லைன், டிரிம், ஆஃப்செட், மிரர், ஃபில்லெட். இவை விரல்களுக்குப் பழக்கமாகிவிட்டால் கோடுகள் வேகமாக விழும். ஆனால் எந்தக் கோடு தேவை, எது வேண்டாம், எந்த அளவு கொடுத்தால் பட்டறைக்காரர் குழம்பாமல் வெட்டுவார் என்பதைக் கட்டளை சொல்லித் தராது. வேலைக்குப் போன முதல் மாதம் பிள்ளைகள் திணறுவது இந்த இடத்தில்தான்.

மூன்று பார்வையில் ஓர் அணை

பழக ஆரம்பிப்பதற்கு இடுக்கி அணையைவிட நல்ல பாடம் கிடைக்காது. உயரம் 168.91 மீட்டர். உச்சியில் நீளம் 365.85 மீட்டர். தடிமன் உச்சியில் 7.62 மீட்டர், அடியில் 19.81 மீட்டர். ஓர் ஏ3 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு 420-க்கு 297 மில்லிமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு ஸ்கேலில் வரைந்தால் ஒரு மீட்டர் ஒரு மில்லிமீட்டராகும். கேரளத்தின் மிக உயரமான அணை, 169 மில்லிமீட்டர் உயரத்தில் உங்கள் தாளுக்குள் அடங்கிவிடும்.

அணையை எதிரே நின்று பார்க்கும் தோற்றம் எலிவேஷன். முதல் முறை வரைகிறவர் இதில் நீளத்தை 365.85 என்று போடப் பார்ப்பார். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. அந்த எண் வளைவின் நீளம். எதிரிலிருந்து பார்த்தால் வளைவு தட்டையாகித் தெரியும், நீளம் குறைந்துவிடும். உண்மையான நீளத்தைச் சொல்வது மேலிருந்து பார்க்கும் பிளான். உச்சியின் 7.62 மீட்டர் தடிமனும் பிளானில் தெரியும், எலிவேஷனில் தெரியாது.

சரி, பிளானும் எலிவேஷனும் போதுமா? இடுக்கி அணை இரட்டை வளைவு கொண்டது. கிடைமட்டத்தில் வளைவதோடு செங்குத்திலும் வளைகிறது. இந்த இரண்டாவது வளைவை எலிவேஷனும் காட்டாது, பிளானும் தெளிவாகக் காட்டாது. அணையை நடுவில் மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதுதான் செக்‌ஷன். 7.62 மீட்டர் எப்படி மெல்ல மெல்ல 19.81 மீட்டராகிறது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும். ஒவ்வொரு பார்வைக்கும் சொல்வதற்கென்று ஒரு விஷயம் உண்டு; மற்றவை அதை மறைக்கும். எத்தனை பார்வை தேவை என்று முடிவெடுப்பது வரைபவரின் முதல் வேலை.

அந்த எண்களையே இன்னொரு முறை பாருங்கள். 7.62, 19.81 என்று ஏன் இப்படி முழுமையில்லாமல் நிற்கின்றன? அடியாக்கினால் 25 அடி, 65 அடி. 365.85 மீட்டர் கிட்டத்தட்ட 1,200 அடி. மீட்டருக்கு மாற்றி எழுதிய பிறகும், முதலில் எந்த அலகில் யோசித்திருப்பார்கள் என்பதை எண்கள் காட்டிக்கொடுக்கின்றன. அளவுகளை இப்படிச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் வரைபவருக்கு வாழ்நாள் முழுவதும் உதவும்.

பல பார்வைகளை ஒரே தாளில் ஒழுங்காக அடுக்கும் இந்த முறைக்குக் கணித அடித்தளம் இட்டவர் பிரான்ஸின் காஸ்பார் மோன்ஜ். 18-ம் நூற்றாண்டில் மெசியேர் ராணுவப் பள்ளியில் கோட்டை வடிவமைப்புக் கணக்கு ஒன்றை அவர் கோடுகளாலேயே தீர்த்துக்காட்டினார். முறை அவ்வளவு பயன்பட்டதால், பிரெஞ்சு ராணுவம் அதைப் பல ஆண்டுகள் ரகசியமாக வைத்திருந்தது. 1795-ல்தான் அவரால் வெளிப்படையாகப் பாடம் நடத்த முடிந்தது. அன்று ராணுவ ரகசியமாக இருந்ததை இன்று முதலாண்டு மாணவர் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் படிக்கிறார். பலர் அரியரும் வைக்கிறார்கள்.

அரியருக்குக் காரணம் கை நடுக்கம் அல்ல. கண்ணுக்கு எதிரே இல்லாத பொருளை மனதில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் பள்ளியில் கிடைப்பதில்லை. ‘கிடைத்தளத்துக்கு 30 டிகிரி, செங்குத்துத் தளத்துக்கு 45 டிகிரி சாய்ந்து நிற்கும் ஐங்கோணப் பட்டகம்’ என்று திடீரென்று கேள்வி வந்தால், மாணவர் பொருளை விட்டுவிட்டுப் படிகளை மனப்பாடம் செய்கிறார். மனப்பாடம் தேர்வு அறையைத் தாண்டுவதில்லை.

ஸ்டோரின் புகைக்குழாய்

ஏலக்காய் ஸ்டோரைப் பார்க்காத பிள்ளை சக்குபள்ளத்தில் இருக்காது. பறித்த பச்சைக்காயைச் சூடேற்றிப் பச்சை நிறம் போகாமல் உலர்த்தும் கட்டடம் அது. அடுப்பின் சூட்டைக் குழாய்கள் அறைக்குள் சுற்றிக் கொண்டுபோகும். புகை வெளியே போகும். அந்தத் தகரக் குழாய் ஓரிடத்தில் முழங்கையாக மடங்குகிறது. தட்டையான தகரத்திலிருந்து அந்த மடக்கை எப்படி வெட்டினார்கள்?

கல்லூரிப் பாடத்தில் இதற்கு ‘டெவலப்மென்ட்’ என்று பெயர். மேற்பரப்பை விரித்து வரைவது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை விரித்தால் அகலம் சுமார் 628 மில்லிமீட்டர். குழாய் 90 டிகிரி திரும்ப வேண்டுமானால் இரண்டு துண்டுகளையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்க வேண்டும். அப்போது குழாயின் குட்டைப் பக்கத்துக்கும் நெட்டைப் பக்கத்துக்கும் உயர வித்தியாசம் 200 மில்லிமீட்டர், அதாவது விட்டத்தின் அளவே. தகரத்தில் கோடு நேராக வராது. அலைபோல் ஏறி இறங்கும். வட்டத்தை 12 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எடுத்து வைத்து இணைத்தால் அந்த அலை கிடைக்கும். ஓரத்தில் மடித்து இணைக்க வேண்டிய தகரத்துக்குக் கூடுதல் அகலம் விடவும் மறக்கக்கூடாது.

பட்டறைக்காரர் இதைப் படிக்காமலே பல காலமாகச் செய்கிறார். பழைய துண்டை வைத்துக் குறிப்பார், வெட்டிப் பார்ப்பார், தட்டிச் சரிசெய்வார். அவர் கைக்கணக்கு அவர் இருக்கும்வரை அந்தப் பட்டறைக்குள் இருக்கும். அதை ஒரு தாளில் சரியாக இறக்கி வைத்துவிட்டால் நெடுங்கண்டத்தில் இருக்கும் இன்னொருவர் அதே குழாயை முதல் வெட்டிலேயே எடுத்துவிடலாம். வரைபடம் கைத்திறனுக்கு மாற்று இல்லை. கைத்திறன் ஊர் விட்டு ஊர் போவதற்கான வழி.

கேட் மையங்களில் பயிற்சிக்குக் கொடுப்பது பெரும்பாலும் புத்தகத்தில் அச்சான வெளிநாட்டு எந்திர உறுப்புகளின் படங்கள். பார்த்து அப்படியே பிரதியெடுப்பார்கள். அதற்குப் பதிலாக, வெர்னியரும் டேப்பும் கையில் கொடுத்து, “இந்தக் குழாயை அளந்து வா, வரை, அட்டையில் வெட்டிச் சேர்த்துக் காட்டு” என்றால் ஒரே வேலையில் அளவெடுத்தல், பார்வை, விரிப்பு மூன்றும் வந்துவிடும். தவறு செய்தால் ஆசிரியர் திட்ட வேண்டியதில்லை, அட்டை சேராது.

சரிவில் வீடு

உள்ளூரில் டிராயிங் தெரிந்தவருக்கு முதலில் கிடைக்கும் வேலை வீட்டு பிளான். கேரளத்தில் பஞ்சாயத்துகளுக்கென்று 2019-ம் ஆண்டின் கட்டட விதிகள் உண்டு. உள்ளாட்சிச் சேவைகளை இணையத்துக்குக் கொண்டுவந்த கே-ஸ்மார்ட், 2024 ஜனவரி 1-ல் நகரங்களில் தொடங்கி, 2025-ல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. இரண்டு பக்கமும் காகிதக் கட்டுகள் குறைகின்றன. அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து படத்தைப் புரட்டித் தப்புக் கண்டுபிடிக்கும் கட்டம் சுருங்கச் சுருங்க, வரைந்தவரின் பொறுப்பு கூடுகிறது.

மலையில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. சமவெளியில் பிளானே வீட்டைப் பாதி சொல்லிவிடும். ஏலமலையில் மனை சரிந்து கிடக்கும். பிளானில் அழகாகத் தெரியும் 10 மீட்டர் நீள வீடு, சரிவோடு வைத்து வெட்டிப் பார்த்தால் ஒரு முனை மண்ணுக்குள்ளும் மறுமுனை காற்றிலும் நிற்கும். எவ்வளவு மண்ணை வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும், தாங்குசுவர் எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதையெல்லாம் காட்டுவது செக்‌ஷன். 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி மாவட்டம் எத்தனை மண்சரிவுகளைப் பார்த்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செருதோணி அணையின் ஷட்டர்கள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்ததும் அந்த மாதம்தான். அந்த மண்ணில் வரைகிறவர் அறை அளவுகளைப் போடுவதற்கு முன் சரிவை அளக்கப் பழக வேண்டும். ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கொத்தனாரோடு அரை நாள் நின்றால், எந்த மையமும் நடத்தாத வகுப்பு கிடைக்கும்.

கம்ப்யூட்டர் என்ன மாற்றியது?

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம். அதோடு, ‘இந்த இரண்டு கோடுகளும் எப்போதும் இணையாக இருக்க வேண்டும்’ என்று நிபந்தனையும் விதிக்கலாம். அப்போது அதை ஓட்டிய கம்ப்யூட்டர் ஓர் ஆய்வகத்துக்கே உரியது. 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட், தனிநபர் கம்ப்யூட்டரில் ஓடியது. சின்ன ஊர் அலுவலகத்துக்கும் கேட் வர அது வழி திறந்தது. டிரேசிங் தாளில் மை போட்டு வரைந்து, தப்பானால் பிளேடால் சுரண்டி, அமோனியா வாசனையோடு பிரிண்ட் எடுத்த தலைமுறை மெல்ல ஓய்ந்தது.

கையால் வரையும்போது ஸ்கேலை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் எல்லாம் உண்மை அளவு. 10 மீட்டர் சுவரை 10,000 மில்லிமீட்டராகவே வரைய வேண்டும். ஸ்கேல் கடைசியில், தாளில் அச்சிடும் நேரத்தில்தான் வருகிறது. முதல் முறை பழகுகிறவர் இதைப் புரிந்துகொள்ளாமல் மனதுக்குள் நூறால் வகுத்து வரைந்துவிட்டு, பிறகு எழுத்தெல்லாம் யானை அளவில் வருகிறதே என்று முழிப்பது எல்லா வகுப்பிலும் நடக்கும்.

புதியவர்கள் விழும் பள்ளங்கள் இன்னும் சில உண்டு. கண்ணால் பார்க்கச் சேர்ந்ததுபோல் தெரியும் கோடுகள் உண்மையில் அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். கோட்டின் முனையில் சரியாக ஒட்டவைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்னாப்பைப் போடாததன் விளைவு. பரப்பளவு கேட்டால் கம்ப்யூட்டர் கைவிரிக்கும். சுவர், கதவு, மின்கம்பி, அளவு எல்லாவற்றையும் ஒரே லேயரில் கொட்டுவார்கள்; நாளைக்கு எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் ஒரு தாள் தனியாக வேண்டும் என்றால் தலைகீழாக நின்றாலும் பிரிக்க முடியாது. இவற்றைவிட ஆபத்தானது ஒன்று: கோட்டை மாற்றாமல் அளவு எண்ணை மட்டும் தட்டி மாற்றுவது. 2,950 வருகிற இடத்தில் 3,000 என்று எழுதிவிட்டால் படம் பார்க்கச் சரியாக இருக்கும். அதே கோப்பைத் திறந்து வேறொருவர் அளவெடுக்கும் நாளில், யாரை நம்புவது என்று தெரியாமல் போகும். அனுபவமுள்ள டிராஃப்ட்ஸ்மேன்கள் மன்னிக்காத குற்றம் இது.

ஸ்கெட்ச்பேடில் முளைத்த நிபந்தனை என்ற எண்ணம்தான் இன்றைய முப்பரிமாண மென்பொருள்களின் முதுகெலும்பு. அவற்றில் ஒன்றான ஃப்ரீகேடில் ஒரு செவ்வகம் வரைந்தால், அதன் நீளம், அகலம், இருக்கும் இடம் எல்லாம் முடிவாகும்வரை அது இன்னும் ‘ஆடுகிறது’ என்று மென்பொருள் சொல்லும். முழுக்கக் கட்டிப்போட்டதும் கோடுகள் பச்சையாகும். கேரளத்தில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிதல்ல. இங்கே பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடம் கட்டற்ற மென்பொருள்களில் நடக்கிறது. பாடநூல் தமிழ் வழியிலும் உண்டு. ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரைந்து, ஒரு முனையை இழுத்தால் செங்கோடும் கூடவே நகர்வதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து ஃப்ரீகேடுக்கு ஒரே எட்டுதான். ‘உனக்கு இது பாதி தெரியும்’ என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

பெரியவர்கள் சறுக்கிய கதை

மென்பொருள் விலை உயர்ந்ததாக இருந்தால் தப்பு வராது என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடுகின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாரித்த கம்பிக் கட்டுகளை பிரான்ஸின் துலூஸுக்குக் கொண்டுவந்து பொருத்தினால், பொருந்தவில்லை. இரண்டு இடத்துக் குழுக்களும் ‘கேட்டியா’ என்ற ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்திருந்தன; ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் முழுமையாக வந்து சேரவில்லை. 2006-ல் வெளிச்சத்துக்கு வந்த இந்தச் சிக்கல், விமானங்கள் கைமாறுவதைச் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டது. இரு குழுக்களிலும் தேர்ந்த எஞ்சினீயர்கள் இருந்தார்கள். ஆனால் தாள் தனியாக நின்று பேச வேண்டிய இடத்தில் இரண்டு விதமாகப் பேசிவிட்டது.

இந்தக் கதை நமக்கு ஏன்? கோவையிலும் சென்னையிலும் ‘ஸ்டீல் டீட்டெய்லிங்’ அலுவலகங்கள் பெருகியிருக்கின்றன. அமெரிக்காவில் எழும் கட்டடத்தின் இரும்புத் தூண், உத்தரம், படிக்கட்டு ஒவ்வொன்றையும் எங்கே வெட்டி எங்கே துளையிட வேண்டும் என்று வரைந்து அனுப்பும் வேலை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கும் அங்கே இடமுண்டு. மாண்ட்ரியலில் உட்கார்ந்து இடுக்கிக்கு யோசித்தார்கள் அன்று. இன்று கோவையில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு வரைகிறார்கள். திசை மாறியது, விதி மாறவில்லை. அங்கே வெல்டிங் செய்கிறவர் இங்கே வரைந்தவரின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. வழக்கமான போல்ட்டைவிடத் துளை 1/16 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் பெரிது. தப்பு செய்ய இருக்கும் இடம் அவ்வளவே.

இன்னொரு கண்ணியும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு பள்ளி, கல்லூரிகளுக்கென்று வெளியிட்ட எஸ்.பி. 46 வழிகாட்டியின்படி நாம் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. மேலிருந்து பார்க்கும் படத்தை எலிவேஷனுக்குக் கீழே வைப்போம். அமெரிக்கர்கள் தேர்டு ஆங்கிள். அதே படம் மேலே போகும். இடப்பக்கத் தோற்றமும் வலப்பக்கத் தோற்றமும் இடம் மாறும். தாளின் மூலையில் இருக்கும் சின்னக் கூம்பு அடையாளத்தைப் பார்க்காமல் படத்தைப் படிப்பவர், இடது கைப் பாகத்தை வலது கைப் பாகமாகச் செய்துவைப்பார். மையத்தில் ஒரே நாளில் கடந்துபோகும் இந்தப் பாடம், வேலையில் ஒரு லாரி இரும்பின் விலை.

எங்கே, எப்படித் தொடங்கலாம்?

சக்குபள்ளத்தைச் சுற்றிப் படிக்க இடம் இல்லாமல் இல்லை. கட்டப்பனையில் அரசு ஐ.டி.ஐ., நெடுங்கண்டத்தில் அரசு பாலிடெக்னிக், பைனாவில் அரசு எஞ்சினீயரிங் கல்லூரி. மலை இறங்கினால் தேனியில் அரசு ஐ.டி.ஐ., போடியில் அரசு எஞ்சினீயரிங் கல்லூரி. பத்தாவது முடித்தவருக்கு ஐ.டி.ஐ.யின் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவு, சிவில் ஆனாலும் மெக்கானிக்கல் ஆனாலும், இரண்டு ஆண்டுகள். தனியார் மையத்தின் மூன்று மாதத்தோடு ஒப்பிட்டு இதை நீளம் என்று நினைக்க வேண்டாம். கைவரைதல், அளவெடுத்தல், பொருள் அறிவு, பிறகு கம்ப்யூட்டர் என்று படிப்படியாக ஏறும் வழி அது. மையத்தில் சேர்வதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எத்தனை கமாண்டு சொல்லித் தருவீங்க?” என்பதல்ல, “நாங்களே அளந்து வந்து வரையிற பொருள் எத்தனை?”

வீட்டிலேயே தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை:

1. முதல் மாதம் கம்ப்யூட்டர் வேண்டாம். பென்சில், டேப், ஏ3 தாள். வீட்டில் இருக்கும் ஒரு பெட்டி, ஒரு கதவுத் தாழ்ப்பாள், ஒரு ஸ்டூல். அடிக்கோல் இல்லாமல் வெறுங்கையால் மூன்று பார்வை வரையுங்கள். மறைந்த விளிம்புக்கு விட்டுவிட்டு வரும் கோடு, நடு அச்சுக்குச் சங்கிலிக் கோடு, வெட்டிய பரப்புக்கு 45 டிகிரி சாய்கோடு. இந்த மூன்றும் கையில் பழகட்டும்.

2. அடுத்து, வரைந்ததிலிருந்து பொருளுக்குத் திரும்புங்கள். வேறொருவர் வரைந்த மூன்று பார்வையைப் பார்த்து, சோப்புக் கட்டியில் அந்தப் பொருளைச் செதுக்குங்கள். படிக்கத் தெரிந்த பிறகே எழுத்து வரும்.

3. மூன்றாவது மாதத்தில் லிப்ரேகேட் அல்லது ஆட்டோகேட். லிப்ரேகேட் இலவசம். ஆட்டோகேடை மாணவர்கள் கல்வி உரிமத்தில் கட்டணமின்றி ஓர் ஆண்டு வைத்திருக்கலாம். தகுதி இருந்தால் புதுப்பிக்கலாம். ஏற்கெனவே கையால் வரைந்ததையே முதலில் வரையுங்கள். பொருள் பழகியதாக இருந்தால் மென்பொருள்மீது மட்டும் கவனம் போகும்.

4. அதன் பிறகு முப்பரிமாணம். ஃப்ரீகேட் இலவசம், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. ஒரு தாழ்ப்பாளை முழுக்க நிபந்தனைகளோடு வரைந்து, ஓர் அளவை மாற்றிப் பாருங்கள். மற்றவை உடையாமல் கூடவே மாறினால் சரியாக யோசித்திருக்கிறீர்கள்.

5. ஒவ்வொரு தாளிலும் தலைப்புக் கட்டம் போடுங்கள்: பொருளின் பெயர், ஸ்கேல், அலகு, தேதி, எத்தனையாவது திருத்தம். திருத்த எண் இல்லாத தாள் பட்டறையில் சண்டைக்கு வித்து.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மலையில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், வரைபடக் குறிப்பில் ஆங்கிலம். மூன்றிலும் தடுமாறுகிறோமே என்ற கூச்சத்தில் பலர் பின்வாங்குகிறார்கள். டிராயிங் அவர்களுக்குச் சாதகமான படிப்பு. தாளில் வேண்டிய ஆங்கிலச் சொற்கள் சில நூறுதான். மற்றதெல்லாம் கோடும் எண்ணும். மாண்ட்ரியலின் பிரெஞ்சுக்கும் இடுக்கியின் மலையாளத்துக்கும் நடுவில் பாலமாக இருந்ததும் அந்தக் கோடுதானே.

ஐ.டி.ஐ.களும் மையங்களும் ஒரு மாற்றத்தைச் செய்யலாம், செலவே இல்லாதது. இறுதித் தேர்வில் மாணவர் வரைந்த தாளை ஆசிரியர் திருத்துவதற்கு முன், அந்தப் பொருளை இதுவரை பார்க்காத ஒரு ஃபிட்டரிடமோ கொத்தனாரிடமோ கொடுக்கட்டும். மாணவர் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் வாய் திறக்கக்கூடாது. தாளை வாங்கியவர் ‘இது எவ்வளவு? இது எந்தப் பக்கம்?’ என்று கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பெண் குறையட்டும். கேள்வியே இல்லாமல் அவர் வேலையைத் தொடங்கிவிட்டால், அந்த மாணவர் எந்த மென்பொருளில் வரைந்தார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.